இடவப்பாதியில் திரும்பி வந்த பூனை

திருவனந்தபுரத்துக் கரமனையில் அந்த வாடகை வீட்டை நாங்கள் பார்த்தது ஒரு பிப்ரவரி மாத மத்தியானம். பழைய ஓட்டு வீடு. சிவப்பு ஆக்ஸைடு தரை, சுண்ணாம்புப் பூச்சு, மரக் கதவுகள். முன்பு குடியிருந்தவர்கள் ஒரு கடுவன் பூனை வளர்த்ததாக எதிர்வீட்டு மாமி சொன்னார். அதைக் கேட்டதும் அம்மா ஒவ்வோர் அறையிலும் நின்று மூச்சை இழுத்துப் பார்த்தாள். ஒன்றும் தெரியவில்லை. முன்பணம் கொடுத்தோம், பதினோரு மாத ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டோம், பால் காய்ச்சினோம்.

ஜூன் முதல் வாரம் மழை பிடித்தது. இங்கே இதை இடவப்பாதி என்பார்கள், மலையாள இடவ மாதத்தின் பாதியில் தொடங்கும் மழை. மூன்றாம் நாள் காலையில் பின்னறைக் கதவைத் திறந்தேன். பூனை மூத்திர நெடி முகத்தில் அடித்தது. கண் கரிக்கிற அளவுக்கு.

வீட்டுக்குள் பூனை வந்திருக்கவில்லை. ஜன்னல்களில் வலை இருந்தது. அந்த அறையை நாங்கள் இரண்டு முறை ஃபினாயில் போட்டுக் கழுவியிருந்தோம். நான்கு மாதம் இல்லாத நெடி அதுவரை எங்கே இருந்தது?

இந்தக் கேள்விக்குப் பதில் தேடியபோதுதான் ஒன்று புரிந்தது. நெடியை ஒரு பொருளாக நினைத்துக்கொண்டு அதை விரட்டப் பார்க்கிறோம். சுவருக்குள் இருப்பது நெடி அல்ல. நெடியைத் தயாரிக்கும் சரக்கு. அந்தச் சரக்குக்கு வாசனை கிடையாது. ஈரம் கிடைக்கும்போது மட்டும் அது கொஞ்சம் கொஞ்சமாக நெடியாக மாறி வெளியே வருகிறது. நெடியை எத்தனை முறை துரத்தினாலும் சரக்கு இருக்கும்வரை அடுத்த தவணை வந்துகொண்டே இருக்கும்.

அந்தச் சரக்கில் முதலில் வருவது யூரியா. பூனை, நாய், மனிதர் எல்லோருடைய சிறுநீரிலும் கரைந்திருப்பவற்றில் அதுதான் பெரும்பங்கு. வயலுக்குப் போடும் அதே யூரியா. அதற்கு மணமில்லை, புதிதாகக் கழித்த சிறுநீரில் அமோனியா நெடி மிகக் குறைவாக இருப்பதும் இதனால்தான். தரையிலும் காற்றிலும் உள்ள பாக்டீரியாக்கள் அதில் குடியேறி, யூரியேஸ் என்ற நொதியால் யூரியாவை உடைக்கும்போதுதான் அமோனியா பிறக்கிறது. நொதி என்பது ஒரு வேதிவினையைப் பல மடங்கு வேகப்படுத்திவிட்டுத் தான் செலவாகாமல் நிற்கும் புரதம். பாலில் விடும் உறை மாதிரி என்று வைத்துக்கொள்ளலாம்: கொஞ்சம் விட்டால் போதும், சட்டி முழுக்க வேலை நடக்கும். ஆனால் கொதிக்கும் பாலில் விட்டால் ஒன்றும் நடக்காது. இந்த உவமை பின்னால் நமக்கு வேண்டும்.

நொதி என்பது புரதம்தான் என்பதே இந்த யூரியேஸை வைத்துத்தான் முதலில் தெரிந்தது. அமெரிக்காவில் கார்னெல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜேம்ஸ் சம்னர், நம் தம்பட்டங்காய்க்கு நெருங்கிய உறவான ஜாக் பீன் என்ற பயறிலிருந்து யூரியேஸைப் பிரித்தெடுக்க ஒன்பது ஆண்டுகள் பாடுபட்டார். இளவயதில் வேட்டை விபத்தில் ஒரு கையை இழந்தவர். ஒரே கையோடு ஆய்வகத்தில் இப்படி நுணுக்கமான வேலை செய்ய முடியாது என்று அவருக்குப் புத்தி சொன்னவர்கள் உண்டு. 1926-இல் அதைப் படிகமாகவே எடுத்துக் காட்டினார். நொதி புரதமாக இருக்க முடியாது என்று அன்றைய பெரிய வேதியியலாளர்கள் சிலர் வெகுகாலம் மறுத்தார்கள். 1946-இல் அவருக்கு நோபல் பரிசில் பங்கு கிடைத்தது.

அமோனியா சீக்கிரம் ஆவியாகிப் போய்விடும். ஜன்னலைத் திறந்து வைத்தாலே பெரும்பகுதி கலைந்துவிடும். நாய் மூத்திர வாடையைப் போக்குவது அவ்வளவு சிரமமாக இல்லாததற்கு இது ஒரு காரணம். பூனையிடம் இன்னொன்று இருக்கிறது.

1953-இல் வெஸ்டால் என்ற ஆய்வாளர் பூனையின் சிறுநீரில் கந்தகம் கலந்த ஒரு புதிய அமினோ அமிலத்தைக் கண்டார். பூனைக் குடும்பத்தின் பெயரையே வைத்து அதற்கு ஃபெலினின் என்று பெயர். இதற்கும் சொல்லிக்கொள்ளும்படி மணமில்லை. ஆனால் மெல்ல மெல்லச் சிதைந்து தயோல் எனப்படும் கந்தகச் சேர்மத்தைத் தருகிறது. பூனைக்கே உரிய அந்த நெடி இந்தத் தயோலின் நெடி. தயோல் குடும்பம் நமக்குப் புதிதல்ல. சமையல் எரிவாயுவுக்கு மணம் கிடையாது. கசிந்தால் தெரியட்டும் என்று அதில் கலப்பது எத்தில் மெர்காப்டன் என்ற ஒரு தயோல். கொய்யாப்பழத்தின் மணத்திலும் இந்தக் குடும்பத்தைச் சேர்ந்த ஒன்று, அணுவளவு, உண்டு. தயோல் என்றால் நம் மூக்கு அப்படி விழித்துக்கொள்ளும். கோடிக்கணக்கான காற்று மூலக்கூறுகளுக்கு நடுவே ஒன்றிரண்டு இருந்தாலே தெரிந்துவிடும். மனித மூக்கில் தயோல்களை உணரும் ஏற்பி ஒன்றுக்குச் செம்பு அணு துணைநிற்கிறது என்று 2016-இல் காட்டினார்கள். கந்தகத்தைக் கண்டால் செம்பு பற்றிக்கொள்ளும். செம்புப் பாத்திரம் கறுப்பதைப் பார்த்தவர்களுக்கு இது புரியும்.

ஃபெலினின் எப்படி உருவாகிறது என்ற கதை ஜப்பானில் தெளிந்தது. ஆரோக்கியமான விலங்கின் சிறுநீரில் புரதம் அதிகம் இருக்கக் கூடாது. மனிதருக்கு அப்படி இருந்தால் மருத்துவர் சிறுநீரகத்தைச் சந்தேகிப்பார். ஆனால் நன்றாக இருக்கும் பூனைகளின் சிறுநீரிலும் புரதம் நிறைய வருகிறதே, ஏன்? இவாத்தே பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மசாவோ மியாசாகியும் உடனிருந்தவர்களும் அந்தப் புரதத்தைப் பிரித்து, 2003-இல் அதற்குக் காக்ஸின் என்று பெயரிட்டார்கள். அதுவும் ஒரு நொதி என்றும், ஃபெலினினை ஒரு முன்பொருளிலிருந்து கத்தரித்து உண்டாக்குவது அதன் வேலை என்றும் 2006-இல் காட்டினார்கள். காயடிக்காத கடுவனிடம் காக்ஸின் மிக அதிகம், பெட்டையிடம் குறைவு. காயடித்ததும் கடுவனிடமும் இறங்கிவிடுகிறது. ஆக, இது வெறும் கழிவு அல்ல, கடுவன் எழுதும் முகவரிச் சீட்டு. கந்தகம் அதற்கு இறைச்சியிலிருந்தும் மீனிலிருந்தும் கிடைக்கிறது. இந்த ஊர்ப் பூனைகளுக்குச் சாளைக்கு என்ன பஞ்சம்?

இன்னொன்று. இன்றைய வீட்டுப் பூனையின் மூதாதை ஆப்பிரிக்கக் காட்டுப் பூனை, வறண்ட நிலத்து விலங்கு. தண்ணீரை வீணாக்காமல் சிறுநீரை மனிதரைவிட இரண்டு மடங்குக்கு மேல் செறிவாக்கும் சிறுநீரகம் அதற்கு உண்டு. கழிப்பது கொஞ்சம்தான், ஆனால் கடுஞ்சாறு.

இங்கே ஒரு தவறான நம்பிக்கையைச் சொல்லியாக வேண்டும். பூனை மூத்திர வாடை போகாததற்கு ‘யூரிக் அமிலப் படிகங்கள்’ காரணம் என்று துப்புரவுத் திரவம் விற்பவர்கள் பலர் சொல்கிறார்கள். எனக்கு இது சரியாகப் படவில்லை. யூரிக் அமிலத்துக்கு மணமில்லை. தவிர, அதை மேலும் உடைத்து அலன்டாயின் ஆக்கும் நொதி பூனைக்கும் நாய்க்கும் உண்டு. மனிதனுக்கும் வாலில்லாக் குரங்குகளுக்கும் கிடையாது. பூனை மூத்திரத்தில் மிகக் குறைவாகவே உள்ள ஒன்றின் மீது பழி போட்டால், உண்மையான சரக்கு கவனத்திலிருந்து நழுவிவிடுகிறது.

சரி, மழைக்கும் இதற்கும் என்ன உறவு?

சமையலறை உப்புச் சாடியைப் பாருங்கள். மார்கழி, தை மாதங்களில் பொலபொலவென்று இருக்கும் உப்பு, மழைக்காலத்தில் கசிந்து கட்டியாகிவிடும். காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் சோற்றுப்பு காற்றிலிருக்கும் நீரை இழுத்துத் தானே கரையத் தொடங்கும். பள்ளிப் பாடத்தில் இதை ஈரம் கவர்ந்து கரைதல் என்று படித்திருப்போம். பூனை மூத்திரம் காய்ந்த இடத்தில் உப்புகளும் யூரியாவும் ஃபெலினினும் கலந்து கிடக்கின்றன. பிப்ரவரி மத்தியானத்தில் அவை காய்ந்த உப்பு. ஜூனில் திருவனந்தபுரத்துக் காலைக் காற்றின் ஈரப்பதம் 80-ஐத் தாண்டி நிற்கும். அப்போது அந்த உப்பு மேலே ஒரு சொட்டு நீர் ஊற்றாமலேயே தானாக நனைகிறது. நனைந்ததும் உறங்கிய பாக்டீரியா விழிக்கிறது, ஃபெலினின் சிதைகிறது, தயோல் கிளம்புகிறது.

பழைய சுண்ணாம்புப் பூச்சும் சிமெண்டுத் தரையும் கண்ணுக்குத் தெரியாத நுண்குழல்களால் ஆனவை. திரி எண்ணெயை இழுப்பதுபோல அவை திரவத்தை உள்ளே இழுத்துவிடுகின்றன. நாம் துடைப்பது மேல்தோலை மட்டும். சுண்ணாம்பும் சிமெண்டும் காரத்தன்மை கொண்டவை. காரமான இடத்தில் அமோனியா உப்பாக அடங்கியிருக்காமல் வாயுவாகக் கிளம்பும். தவிர, காய்ந்த துளைச் சுவர்களில் மண மூலக்கூறுகள் ஒட்டிக்கொண்டிருக்கும். நீர் வந்தால் அந்த இடத்தைத் தானே பிடித்துக்கொண்டு அவற்றைத் தள்ளிவிடும்.

முதல் மழையில் எழும் மண்வாசனையிலும் நடப்பது இதுதான். 1964-இல் ஆஸ்திரேலியாவில் இசபெல் பேர், ரிச்சர்ட் தாமஸ் இருவரும் காய்ந்த பாறையிலிருந்தும் களிமண்ணிலிருந்தும் அந்த மணத்தின் எண்ணெயை வடித்தெடுத்து ஆராய்ந்தார்கள். வறண்ட காலத்தில் சேர்ந்து ஒட்டியிருந்தது ஈரம் பட்டதும் கிளம்புகிறது என்று காட்டினார்கள். உத்தரப் பிரதேசத்துக் கன்னோசி ஊரில் அந்த மண்வாசனையை அத்தராகவே வடிக்கிறார்கள் என்பதையும் குறிப்பிட்டிருந்தார்கள். எங்கள் பின்னறையிலும் வேலை செய்தது அதே விதி. சரக்குதான் வேறு.

இதையெல்லாம் படித்துவிட்டு, சரக்கு எங்கே இருக்கிறது என்று கண்டுபிடிக்க இறங்கினோம். மூக்கை நம்பி அறையில் நடமாடினால் பயனில்லை. ஒரே நெடியில் சில நிமிடங்கள் நின்றால் மூக்கு மரத்துப்போகும். அந்த வீட்டிலேயே முன்பு இருந்தவர்களுக்கு நெடி தெரியாமல் போயிருந்தால் அதற்கும் இதுதான் காரணம். புற ஊதா விளக்கு ஒன்று வாங்கிப் பார்த்தோம். சிறுநீர்க் கறை அந்த ஒளியில் மங்கலாக மின்னும். ஆனால் சலவைத்தூள் சிந்திய இடமும் மின்னுகிறது, ஆகவே சாட்சி முழுமையில்லை.

கடைசியில் கைகொடுத்தது எவர்சில்வர் டம்ளர். துணித்துண்டுகளை வெதுவெதுப்பான நீரில் நனைத்துப் பிழிந்து தரையில் எட்டு இடங்களில் வைத்து, ஒவ்வொன்றின் மேலும் ஒரு டம்ளரைக் கவிழ்த்தோம். சுவரில் நனைந்த துணியை வைத்து மேலே பாலிதீன் தாளை ஒட்டினோம். ஈரம் சரக்கை எழுப்பும். எழும் வாயு கலைந்துபோகாமல் மூடிய இடத்தில் சேரும். வேதியியலாளர்கள் புட்டியில் திரவத்துக்கு மேலே தேங்கும் காற்றை எடுத்துச் சோதிப்பார்கள். அதற்கு மேல்வெளி என்று பெயர் வைக்கலாம். நாங்கள் செய்தது ஏழை வீட்டு மேல்வெளிச் சோதனை. எந்த டம்ளர் எங்கே இருந்தது என்று அம்மாவுக்குத் தெரியாதபடி அடியில் சாக்குக்கட்டியால் எண் எழுதி, ஒரு மணி நேரம் கழித்து ஒவ்வொன்றாகத் திண்ணைக்குக் கொண்டுபோய் நீட்டினேன். நடுநடுவே அம்மா முற்றத்துக் காற்றில் நின்றுவிட்டு வந்தாள். ஆறு டம்ளர்களுக்குத் தலையை ஆட்டினாள். மூன்றுக்கும் ஏழுக்கும் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். எல்லாவற்றையும்விட மோசம், கதவு நிலைக்குப் பக்கத்தில் தரையிலிருந்து ஓரடி உயரத்தில் ஒட்டிய துணி. கடுவன் உட்கார்ந்து கழித்ததைவிட வாலைத் தூக்கிச் சுவரில் பீய்ச்சியதே அதிகம். நாங்கள் கழுவியதோ தரையை மட்டும்.

இடம் தெரிந்த பிறகு செய்ய வேண்டியது மூன்று: உப்பை வெளியே எடுப்பது, கரிமச் சரக்கை நொதியால் உடைப்பது, மிஞ்சும் தயோலை மணமற்ற ஒன்றாக மாற்றுவது.

உப்பை எடுப்பதற்கு நம்மிடம் ஏற்கெனவே ஒரு சொல் இருக்கிறது: பற்றுப் போடுதல். பழைய கட்டடங்களைப் பாதுகாப்பவர்கள் உப்புப் பூத்த கற்சுவரில் காகிதக் கூழையோ களிமண்ணையோ அப்பிக் காயவிடுவார்கள். கூழின் நீர் முதலில் சுவருக்குள் போய் உப்பைக் கரைக்கிறது. பிறகு கூழின் வெளிமுகம் காயக் காய, கரைந்த உப்பு நீரோடு கூழுக்குள் இழுபட்டு வந்து அங்கேயே தங்கிவிடுகிறது. பழைய செய்தித்தாளை ஊறவைத்து அரைத்து அரை அங்குலம் கனத்துக்கு அப்பினோம். ஜூனில் அது காயவே இல்லை, பூஞ்சை பிடித்தது. காற்று நீரை எடுத்துக்கொள்ளாத பருவத்தில் பற்று வேலை செய்யாது. ஜனவரியில் மறுபடி போட்டோம். இரண்டு நாளில் பாளமாக உரிந்து வந்தது. வெளிமுகத்தில் விபூதி தூவினாற்போல வெள்ளை. மூன்று முறை போட்ட பிறகு வெள்ளை நின்றது.

நொதித் திரவம் கடையில் கிடைக்கிறது. அதை வாங்கியவர்கள் பலர் பயனில்லை என்று சொல்வதற்குக் காரணம் பெரும்பாலும் அவசரம். தெளித்து ஐந்து நிமிடத்தில் துடைத்தால் உறை ஊற்றிய பாலை உடனே குடித்த கதைதான். மூத்திரம் எவ்வளவு ஆழம் போனதோ அவ்வளவு ஆழம் திரவமும் போக வேண்டும். பாலிதீன் தாளால் மூடி ஓரிரவு ஈரமாகவே இருக்க வேண்டும். கொதிநீர் கூடாது. முன்பே ஃபினாயிலோ பிளீச்சிங் பவுடரோ போட்டிருந்தால் நன்றாக அலசிய பிறகுதான் ஊற்ற வேண்டும்; உறையைக் கொல்லும் வேலையை அவை செய்துவிடும்.

தயோலுக்கு மருந்து ஹைட்ரஜன் பெராக்சைடு. ஸ்கங்க் என்ற அமெரிக்க விலங்கு பீய்ச்சும் நாற்றமும் தயோல்தான். 1993-இல் பால் கிரெபாம் என்ற வேதியியலாளர் அதற்கு ஒரு கலவை சொன்னார்: மூன்று சதவீதப் பெராக்சைடு ஏறத்தாழ ஒரு லிட்டர், கால் கோப்பை சமையல் சோடா, ஒரு தேக்கரண்டி பாத்திரம் கழுவும் திரவம். தயோலின் கந்தகத்தோடு ஆக்சிஜன் சேர்ந்துவிட்டால் அந்த மணம் போய்விடும்; சோடாவின் காரம் அதை விரைவுபடுத்தும். நம் மருந்துக்கடையில் பெரும்பாலும் ஆறு சதவீதமே கிடைக்கும். சம அளவு நீர் சேர்த்தால் மூன்று. கலந்த உடனே பயன்படுத்த வேண்டும். மூடிய புட்டியில் வைத்தால் ஆக்சிஜன் அழுத்தத்தில் புட்டி வெடிக்கலாம். துணி, மெருகு இவற்றின் நிறம் போகலாம் என்பதால் ஒரு மூலையில் போட்டுப் பார்த்துவிட்டுத் தொடருங்கள். பெராக்சைடு நொதியையும் சிதைக்கும், அதனால் கடைசியில்தான்.

பிளீச்சிங் பவுடரைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். கிணற்றுக்குப் போட என்று இங்கே பல வீடுகளில் அது இருக்கும். மூத்திரக் கறை மீது அதைக் கொட்டாதீர்கள். அமோனியாவோடு சேர்ந்து குளோரமீன் வாயு உண்டாகும். மூடிய அறையில் அது நுரையீரலைத் தாக்கும். வினிகரோடு சேர்ந்தால் குளோரினே வெளிவரும். வினிகர் தனியாகவும் சுண்ணாம்புச் சுவரை அரிக்கும். ஃபினாயிலோ பூனைக்கே ஆகாது. அதிலுள்ள பீனால் வகைப் பொருள்களை முறித்து வெளியேற்றும் நொதி பூனையின் ஈரலில் போதிய அளவு இல்லை.

வீட்டுக்காரர் புதுப் பெயிண்ட் அடித்துத் தருவதாகச் சொன்னார். நல்ல மனசோடுதான் சொன்னார். சரக்கு உள்ளே இருக்கும்போது அதன் மேல் அடிக்கும் பெயிண்டு வழியே நீராவி போய்வரும். நீராவி போகும் வழியில் நெடியும் போகும். பற்றுப் போட்டு முடியும்வரை பொறுத்துக்கொள்ளச் சொன்னேன். பொறுத்தார்.

அடுத்த ஜூனில் மழை பிடித்த நான்காம் நாள் அதே டம்ளர்களைக் கவிழ்த்தோம். மூன்றிலும் ஏழிலும் எதுவும் இல்லை. கதவு நிலைக்குப் பக்கத்துத் துணியில் மட்டும் லேசாக இருப்பதாக அம்மா சொன்னாள். எனக்குத் தெரியவில்லை, ஆனால் அம்மாவின் மூக்கைத்தான் நம்பினேன். மரநிலையின் இடுக்கில் இன்னும் மிச்சம் இருக்கிறது. இந்த ஜனவரியில் அங்கேயும் பற்றுப் போட வேண்டும்.

இந்த ஊரில் வாடகைக்குப் போகும் பூனைக்காரர்களுக்கு ‘பூனை கூடாது’ என்ற பதில் பழக்கமானது. திருவனந்தபுரத்து விலங்கு நல அமைப்பான பீப்பிள் ஃபார் அனிமல்ஸ் தொடுத்த வழக்கில் 2021-இல் கேரள உயர் நீதிமன்றம், குடியிருப்பில் செல்லப்பிராணி வளர்ப்பதை முற்றிலும் தடுக்கும் விதிகள் செல்லாது என்று கூறியது. நியாயமான நிபந்தனைகள் விதிக்கலாம் என்றும் சொன்னது. கடுவனுக்குக் காயடித்திருக்க வேண்டும் என்று ஒரு வீட்டுக்காரர் கேட்டால் அது நியாயமான நிபந்தனை என்றே நான் நினைக்கிறேன். ஃபெலினினும் குறையும், சுவரில் பீய்ச்சுவதும் பெரும்பாலும் நிற்கும். நன்றாக இருந்த பூனை திடீரென்று கண்ட இடத்தில் போனால் அடிக்காதீர்கள். சிறுநீர்ப் பாதையில் நோய் இருக்கலாம். கடுவன் முக்கி முக்கி ஒரு சொட்டும் போகவில்லையென்றால் அன்றைக்கே கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோங்கள்.

வீடு பார்க்கப் போகிறவர்கள் மழை நாளில் போங்கள். பிப்ரவரியில்தான் போக முடியும் என்றால் நனைந்த துணியும் ஒரு டம்ளரும் கையில் இருக்கட்டும்.